நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது ஊறுகாய்தான். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று விரலை மடக்கிக்கொண்டே ஒப்பிப்போம். காலம் காட்டும் எழுத்து வெளியே தெரியாமல் மூன்று காலமும் உள்ளே மறைந்திருப்பதால் அதற்குக் காலம் கரந்த பெயரெச்சம் என்று பெயர். அடுத்துச் சுடுசோறு வரும், குடிநீர் வரும். எங்கள் ஆசிரியர் அந்த வரிசையில் நடுகல்லையும் சேர்த்துக்கொள்வார். நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று அதையும் அதே ராகத்தில் ஒப்பித்தேன். மூன்றாவதைச் சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்பது அந்த வயதில் உறைக்கவில்லை. நட்ட கல் என்றால் ஒருவன் சண்டையில் செத்துவிட்டான். நடும் கல் என்றால் இன்னொருவன் சாகப்போகிறான். இன்றைக்கு அவன் உயிரோடு எங்கேயோ மாடு மேய்க்கிறான், அல்லது பனிமலையில் எல்லைக்காவல் நிற்கிறான்.

போரில் மாண்டவருக்கு எடுக்கும் கல்லுக்குத் தமிழ் வைத்த இந்தப் பெயர் எங்கே தொடங்கியது, எந்தெந்தப் பெயர்களோடு கலந்தது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க ஆசை.

நடு என்றதும் நடுவில் நிற்கும் கல் என்று பொருள்கொள்ளத் தோன்றும். அது பிழை. இந்தக் கற்கள் பெரும்பாலும் ஊர் எல்லையில், ஏரிக்கரையில், வழியோரத்தில்தான் நிற்கின்றன. இங்கே நடு என்பது வினை. நாற்று நடுகிறோம், கிளுவைக் கம்பு நடுகிறோம், கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுகிறோம். நடவு என்றால் இன்றும் வயல்தான் நினைவுக்கு வரும். கல்லை நிறுத்தலாம், வைக்கலாம், ஊன்றலாம். அத்தனை வினைகள் இருக்க, நாற்றுக்குச் சொல்லும் அதே வினையைச் செத்தவன் கல்லுக்கும் சொன்னார்கள். நாட்டுதல் என்பதும் இதே வேரில் கிளைத்த சொல்தான். மண்ணுக்குள் ஒரு பகுதி போய், மண்ணுக்கு மேலே ஒரு பகுதி நின்று, அங்கேயே நிலைக்க வேண்டும் என்பதுதான் நடுவதன் உட்பொருள்.

ஆனால் கற்களிலேயே பழையவை தங்களை நடுகல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வெறும் கல் என்றுதான் சொல்லிக்கொண்டன. 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக்கரை ஊரான புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று கற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்து பொறித்தவை. உருவம் எதுவும் செதுக்கப்படாத, ஆள் தூக்கிவிடக்கூடிய சிறிய கற்கள். கண்டெடுத்தவர்கள் அவற்றைக் கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு உரியவை என்று கணித்தார்கள். அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனின் கல். ஆகோள் என்றால் ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியம் வெட்சித்திணையில் சொல்லும் அதே சொல். இலக்கண நூலில் துறைப் பெயராக மட்டும் நாம் படித்த ஒரு சொல், ஒரு மனிதன் செத்த காரணமாகக் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு திண்டுக்கல் மாவட்டம் தாதப்பட்டியிலும் புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையிலும் இத்தகைய கற்கள் கிடைத்தன. வீரனின் பெயரைக் கல்லில் எழுதி, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள் என்று சங்கப் பாட்டுகள் சொல்வதைக் கவிஞர் கற்பனை என்று இனி எவரும் ஒதுக்க முடியாது.

கல் எப்போது நடுகல் ஆயிற்று? கல்லைச் சுற்றி ஒரு சடங்கு முறையாக அமைந்தபோது. தொல்காப்பியம் அந்தச் சடங்கின் ஆறு படிகளுக்கும் பெயர் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. பிறகு நடுதல். பிறகு பெரும்படை. கடைசியில் வாழ்த்து. படை என்றால் சேனை என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அது படையல் என்று கொள்வர். ஆளைக் கொன்ற சொல்லும் அவனுக்குச் சோறு வைக்கிற சொல்லும் ஒன்றாக இருக்கின்றன. கால்கோள் என்பதை இன்று பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அழைப்பிதழில் அச்சடிக்கிறோம்.

இந்த ஆறும் ஏட்டோடு போய்விடவில்லை. நம் வீடுகளில் சாவு விழுந்தால், கருமாதிக்கு முன் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ ஒரு சின்னக் கல்லை எடுத்து, கழுவி, ஊன்றி, எள்ளும் தண்ணீரும் விட்டு, சோறு படைக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். எந்த வீரனுக்கும் பிறக்காத, எந்தச் சண்டைக்கும் போகாத நம் அப்பனுக்கும் அம்மாவுக்கும் நாம் செய்வது அந்தப் பழைய முறையின் நிழல்தான் என்று நான் நம்புகிறேன்.

சிலப்பதிகாரம் இந்தப் படிகளையே வஞ்சிக் காண்டத்தின் தலைப்புகளாக்கிக்கொண்டது. காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. கண்ணகி வாளேந்திப் போருக்குப் போனவள் அல்லள். ஆனாலும் வீரனுக்கு உரிய பெயரையும் முறையையும் அவளுக்குக் கொடுத்தார் இளங்கோ. அவளுக்கான கல்லை இமயத்தில் எடுக்கப் போன செங்குட்டுவன் வழியில் ஒரு பெரும்போரே நடத்தி, தோற்ற கனக விசயர் தலையில் அந்தக் கல்லை ஏற்றிக் கொண்டுவந்தான். நாம் பெருமையோடு சொல்லும் கதை அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்து வருவதைப் பலரும் சொல்வதில்லை. நடுகற் காதையில் மாடலன் என்னும் மறையவன் அரசனுக்கு எதிரே வந்து நிற்கிறான். சினத்தை விடு, வாழ்நாள் நிலையாது, அறத்தைப் பார் என்கிறான். அரசன் கேட்கிறான். சிறையில் இருந்த ஆரிய மன்னர்களை விடுவித்து, மாளிகையில் விருந்தினராகத் தங்கவைக்கிறான். நடுகல் என்று பெயர் சூட்டிய காதைக்குள்தான் இந்தச் சிறைக்கதவு திறக்கிறது. இதை இளங்கோ தற்செயலாக அமைத்தார் என்று நான் நினைக்கவில்லை.

கதையை விட்டுக் கற்களிடம் வருவோம். பல்லவர் காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நட்ட கற்களில் வட்டெழுத்து ஓடுகிறது. செங்கம் வட்டாரத்துக் கற்களைத் திரட்டி 1972இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. அந்தக் கற்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே வாய்பாடு. இந்த அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் சேவகன் இன்னான், தொறுக் கொண்ட நாளில் தொறு மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்பது மாட்டு மந்தை. அந்தச் சொல் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. கன்னடக் கற்களில் துறு என்று இருக்கிறது. நம் ஆகோளுக்கு அவர்கள் சொல்வது துறுகோள்.

இந்த வாய்பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது பட்டான் என்னும் ஒரு சொல். கொன்றான், வென்றான், வீரசுவர்க்கம் புகுந்தான் என்றெல்லாம் இல்லை. பட்டான். மரம் பட்டுப்போனது என்கிறோமே, அந்தப் படு. சண்டையில் சாய்ந்த இடம் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பரப்பி நடத்தும் கடைசிச் சடங்குக்கும் படுகளம் என்றே பெயர். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பட்டவன் என்று ஒரு சாமி உண்டு. எந்தச் சண்டை, யார் அடித்தது என்பதெல்லாம் மறந்த பிறகும், பட்டவன் என்ற பெயர் மட்டும் தங்கி, அதற்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வினையாலணையும் பெயர் தெய்வத்தின் பெயராகியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். வில்லும் கையுமாக அவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்கும் கல்லில் பெயர் இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, விழுந்து கிடந்த தலைவன் பக்கத்தில் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் எத்தனை கோயில் குடைந்தான் என்பது வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அவன் நாட்டின் ஒரு மூலையில் செத்த தலைவனை விட்டு நகராத ஒரு நாயின் பெயர் ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது என்றால், அதைச் செய்தது அந்த ஊர்க்காரர்கள். நன்றி என்ற சொல்லுக்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

அதே மண்ணில் அரசர்களின் சாவுக்கு வேறு சொல் இருந்தது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூற்றுக் குறிப்புகள் பேசும். துஞ்சுதல் என்றால் உறங்குதல். அரசன் சாகமாட்டான், ஓரிடத்தில் துஞ்சுவான். பிற்காலச் சோழரும் இதை விடவில்லை. பொன்மாளிகையில் இறந்த சுந்தரசோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் ஆனான். 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தே அம்பு பட்டு மாண்ட இராசாதித்தன் யானைமேல் துஞ்சின தேவர் ஆனான். இப்படித் துஞ்சிய அரசர் சிலருக்கு எடுத்தது கோயில். அதன் பெயர் பள்ளிப்படை. பள்ளி என்பதும் படுக்கும் இடம்தான். அரசன் துஞ்சினான், சேவகன் பட்டான். ஒரே போர்க்களம், இரண்டு வினைகள். எனக்குச் சேவகனின் வினைதான் நேர்மையாகப் படுகிறது. யானை மேல் அம்பு பட்டவன் உறங்கவில்லை.

செத்தவன் வீட்டை என்ன செய்தார்கள் என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. உதிரப்பட்டி. போரில் பட்டவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம். நெய்த்தோர்ப்பட்டி என்றும் அதைச் சொன்னார்கள். நெய்த்தோர் என்றால் குருதி. தமிழில் வழக்கொழிந்த இந்தச் சொல் தெலுங்கில் நெத்துரு என்றும் கன்னடத்தில் நெத்தரு என்றும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கணவனை இழந்தவள் உழுது சாப்பிடும் நிலத்துக்கு இரத்தம் என்றே பெயர் வைத்தது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காத பெயர் அது. இன்று கருணைத்தொகை என்கிறோம். இறந்தவனுடைய மனைவிக்கு யார் கருணை காட்ட வேண்டும்? அது அவளுக்கு நாம் பட்ட கடன். பழைய சொல் அதைச் சரியாகச் சொன்னது.

அக்கம்பக்கத்து மொழிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். கன்னடத்தில் வீரகல்லு, குஜராத்தில் பாளியா. பெங்களூரை அடுத்த பேகூரில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, பெங்களூருச் சண்டையில் மாண்ட ஒருவனைச் சொல்கிறது. அந்த நகரத்தின் பெயர் வரும் மிகப் பழைய எழுத்து அதுதான் என்பார்கள். ஒரு பெருநகரம் தன் பெயரின் பழமையைத் தேடிப்போனால், ஒரு போர்ச்சாவில் போய் முட்டுகிறது.

பெயர் எழுதிய கல்லும் பெயர் இழக்கும். தருமபுரிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். இடுப்பளவுப் பலகைக்கல். கொண்டை ஒருபக்கம் சரிந்த ஆள். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கியிருந்தது. அவனுக்குக் குடிக்கக் கள் வைத்த அடையாளம். எழுத்து இருந்த இடம் முழுவதும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி வழுவழுவென்று இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் இது யார் என்று கேட்டேன். "வேடியப்பன் தம்பி. எங்க சாமி. மாடு கன்னு போட்டா மொதப் பால் இவருக்குத்தான், அப்பறந்தான் ஊட்டுக்கு" என்றார். வில் வைத்திருப்பதால் வேடன், வேடனானதால் வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் எத்தனையோ வீரர்கள் தங்கள் பெயரை விட்டு இந்த ஒரே பெயருக்குள் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் வைக்கிறார்கள். எழுத்து படிக்கத் தெரியாமல் போயிற்று, ஊர் மாறிற்று, அரசு மாறிற்று. ஆனால் மாட்டுக்காகச் செத்தவனுக்கு முதல் பால் மட்டும் தவறவில்லை. அந்தப் பாட்டிக்குக் காரணம் தெரியாது. தெரியாமலே அவர் சரியான கடனைச் சரியான ஆளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் மாண்டபோது அவன் கல்லுக்குச் சிறு கலத்தில் கள் படைப்பதைப் பார்த்து ஔவை அழுத நாடு.

சென்னைக்கு வந்தால் பெயர் வேறொரு மொழிக்குப் போகிறது. தேனாம்பேட்டையில் செனடாப் ரோடு இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் சொல்லும் பெயர். செனடாப் என்றால் வெறுங்கல்லறை. வெறுமை என்ற பொருளுள்ள ஒரு கிரேக்கச் சொல்லும் கல்லறை என்ற பொருளுள்ள இன்னொன்றும் சேர்ந்தது. உடல் வேறிடத்தில் இருக்க, அல்லது கிடைக்காமலே போக, நினைவுக்காக மட்டும் கட்டுவது. ஏதென்ஸ் நகரத்தார் போரில் மாண்டவர்களை ஊர்வலமாகக் கொண்டுபோகும்போது, உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெற்றுப் பாடையையும் சேர்த்துச் சுமந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசு எழுதியிருக்கிறார். சென்னையில் அந்தப் பெயர் வந்தது காரன்வாலிசுவால். திப்புவோடு போரிட்ட அவர் 1805இல் காஜிப்பூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவருக்கான வெறுங்கல்லறை மவுண்ட் ரோடு முனையில் நின்றது. வெள்ளைக்காரத் துரைகளும் துரைசாணிகளும் மாலையில் வண்டி பூட்டி அதைச் சுற்றி வந்தார்கள். கட்டடம் பிறகு அங்கிருந்து போய்விட்டது. பெயர் மட்டும் தெருவில் நிற்கிறது. உடல் இல்லாததால் வெறுங்கல்லறை, இப்போது அங்கே கல்லறையும் இல்லை.

இலண்டனில் இந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது முதல் உலகப்போருக்குப் பிறகு. 1919 ஜூலை வெற்றி அணிவகுப்புக்காகக் கட்டடக்கலைஞர் லட்யன்சு மரத்தாலும் சாந்தாலும் ஒரு தற்காலிகச் செனடாப்பை அமைத்தார். பிரான்சு மண்ணில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, புதைத்த இடத்தைப் பார்க்கவும் வழியில்லாத தாய்மார்கள் அதன் அடியில் பூக்களைக் குவித்தார்கள். அரசு அதை அகற்ற முடியாமல் 1920இல் கல்லிலேயே கட்டியது. அதே லட்யன்சுதான் தில்லி இந்தியா கேட்டையும் வடிவமைத்தார். 1921இல் அடிக்கல், 1931இல் திறப்பு. 70,000க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. சுவரில் இருப்பவை 13,000க்குச் சற்று அதிகமான பெயர்கள்தான்.

அந்தப் போருக்கு நம் ஊர்களிலிருந்தும் போனார்கள். வேலூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அவ்வளவுதான். அந்தப் பதினாலு பேர் யார்? கல்லில் பெயர் இல்லை. நாயின் பெயரைக்கூட எழுதிய வட்டாரத்துக்குப் பக்கத்து ஊரில், பதினாலு மனிதர்கள் ஒரு எண்ணாக நிற்கிறார்கள். நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டம் இந்த வகையில் மேல். இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850க்கு மேற்பட்டவர்களின் கல்லறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொரு கல்லிலும் அவரவருக்கு உரிய எழுத்தோடு. 2019 பிப்ரவரி 25இல் தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பெயர்களைக் கருங்கல்லில் பொறித்தார்கள். அதற்கு இந்தியில் வைத்த பெயரில் சமர் என்ற சொல் இருக்கிறது. நமக்கும் பழக்கமானதுதான். விடுதலைக்குப் பிறகு மாண்டவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பெயர் எழுதி முடிக்க நமக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தாமதமானாலும் எழுதினார்களே என்று ஆறுதல் கொள்கிறேன். அந்த வளையச் சுவர்களில் இனி சேரப்போகும் பெயர்களுக்கும் இடம் இருக்கிறது. நடும் கல் என்று நான் சொன்னது அந்த வெற்றிடத்தைத்தான்.

நடுகல் என்ற பெயர் அண்மையில் கடல் கடந்தும் போனது. 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. தமிழனுக்கு அப்படிக் கல்லறை இல்லை. எண்பது ஆண்டு கழித்து, 2023இல், அங்கே அவர்களுக்காக ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். அதற்கு நடுகல் என்றே பெயர். செத்தவர்கள் வில் பிடித்தவர்கள் அல்லர், மண்வெட்டி பிடித்தவர்கள். கண்ணகிக்கு இளங்கோ கொடுத்த உரிமை இவர்களுக்கும் கிடைத்தது. சொல் சரியான இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது.

ஈழத்தில் போரில் மாண்ட போராளிகளைப் புதைத்த இடத்துக்குத் துயிலும் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். பழைய துஞ்சுதலின் மறுபிறப்பு அது. அரசனுக்கு மட்டும் இருந்த உறக்கம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வந்தது. போர் முடிவதற்குள்ளும் முடிந்த பிறகும் அந்த இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கல் போன பிறகும் நவம்பரில் தாய்மார்கள் அதே மண்ணில் வந்து விளக்கு வைக்கிறார்கள். தீவின் தென்பகுதியில் சிப்பாய் மகனை இழந்த சிங்களத் தாயும் அப்படித்தான் ஒரு படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கிறாள். அதே தீவில், எல்லாளனை வென்று கொன்ற துட்டகைமுனு அவனுக்கு உரிய மரியாதையோடு எரியூட்டி, நினைவிடம் எழுப்பி, அதைக் கடக்கும்போது வாத்தியம் முழங்கக்கூடாது என்று ஆணையிட்டான் என மகாவம்சம் சொல்கிறது. எதிரியின் கல்லுக்கு முன் பறையை நிறுத்தத் தெரிந்த நாடு அது. அந்தப் பழைய மரியாதையை இரு பக்கமும் நினைத்துப் பார்த்தால், அங்கே அமைதிக்கு ஒரு கால்கோள் ஆகும்.

இவ்வளவு தூரம் சொல்லின் பின்னால் போனதில் எனக்கு ஒன்று கிடைத்தது. நடு என்பது வயலுக்கும் பொது, சாவுக்கும் பொது என்று தொடக்கத்தில் சொன்னேன். அது ஒன்று மட்டுமில்லை. களம் என்றால் போர்க்களம், நெற்களமும் களம்தான். போர் என்றால் சண்டை, அறுத்துக் குவித்தால் வைக்கோல் போர். படை என்பதையும் பார்த்தோம். தொல்காப்பியம் இதை அறிந்தே ஏரோர் களவழி, தேரோர் களவழி என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது. உழவன் களம் ஒன்று, போர்வீரன் களம் ஒன்று. நம் மொழியில் போரின் முக்கியமான சொற்கள் பலவற்றுக்கும் வயலில் ஒரு வீடு இருக்கிறது. போரிலிருந்து திரும்பி வரும் பிள்ளைக்கு வீடு இருப்பது போல. இதுவரை நட்ட கற்களுக்கு நாம் மஞ்சள் பூசுவோம், பால் ஊற்றுவோம், பெயர் எழுதுவோம். இனி நடுவது நாற்றாக இருக்கட்டும், எழுவது வைக்கோல் போராக இருக்கட்டும். வினைத்தொகையின் எதிர்காலத்தை இலக்கணத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஊர் எல்லையில் ஏரிக்கரையிலோ மரத்தடியிலோ வில்லோடு, வாளோடு ஓர் ஆள் செதுக்கிய கல் இருந்தால், அதற்கு வண்ணம் அடிக்கவோ சாலை போடும்போது பெயர்த்துத் தள்ளவோ விடாதீர்கள். எழுத்து தெரிகிறதா என்று சாய்வெயிலில் பாருங்கள், படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயரும் போய்விடும்.